குருவானவர் இல்லாத ஞாயிறு: ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்

பக்தியுள்ள கத்தோலிக்கர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையை எவ்வாறு கழிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய திருச்சபை தரும் விடை நாம் அனைவரும் அறிந்ததே. அன்று அவர் தொழில் முயற்சிகளை விலக்க வேண்டும். முழுப்பூசை காண வேண்டும். மற்றச் செபங்களும் தியானமும் அறச்செயல்களும் இவ்விரண்டையும் சூழ்ந்து நிற்பவை. பூசையோ குருவானவர் இன்றி நடவாது. அப்படியானால், குருவானவரே இல்லாத ஒரு நாட்டில், அவரை வீட்டில் மறைத்து வைப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று அரசு அறிவித்துவிட்ட ஒரு நாட்டில், அந்த ஞாயிறு எதைக் கொண்டு நிரப்பப்பட்டது? 1658 முதல் ஒல்லாந்தர் ஆண்ட யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் இக்கேள்வியைத் தாமாகவே எதிர்கொள்ள நேரிட்டது. சீர்திருத்த மரபில் நிற்கும் நாம் அவர்களுடைய வரலாற்றை ஆராய்வதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. அவர்களுடைய பூசையைத் தடை செய்த அரசு நமது மரபின் பெயராலேயே அதனைச் செய்தது.

1658-ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கீசியர் காலத்தில் அங்கு ஊழியம் செய்த இயேசுசபையாரும் பிரான்சிஸ்கன் சபையாரும் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். கோயிற்பற்று என்று வழங்கப்பட்ட ஊர்ப்பிரிவுகள் முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றிலிருந்த ஆலயங்களும் அவற்றோடு இணைந்த பள்ளிகளும் சீர்திருத்த சபைக்கு உரியவை ஆயின. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரணதண்டனை என்ற கட்டளை அவ்வாண்டிலேயே பிறந்தது. இக்கடுமைக்குச் சமய வெறி ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. கத்தோலிக்கர் எவரும் போர்த்துக்கீசியரின் மறைமுகக் குடிமகன் என்ற அச்சம் ஒல்லாந்தக் கம்பெனியாரை ஆட்டிப்படைத்தது. எனினும் அரசியல் அச்சத்திற்கு இறையியல் உடையை அணிவிக்கப் போதகர்கள் தயங்கவில்லை என்பதையும் நாம் மறைக்க இயலாது.

அப்போதகர்களுள் தலைசிறந்தவர் பிலிப்புஸ் பல்தேயுஸ். யாழ்ப்பாணம் வீழ்ந்த ஆண்டிலேயே அங்கு வந்து, 1660-களின் நடுப்பகுதி வரை ஊழியம் செய்து, தமிழைக் கற்று, 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் கோயிற்பற்று ஒவ்வொன்றையும் விவரித்தவர் அவர். அந்நூலிலிருந்து சீர்திருத்த சபையின் ஞாயிறு எத்தகையது என்பதை நாம் ஓரளவு அறிகிறோம். போதகர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரே இருந்தமையால், பெரும்பான்மையான ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையை நடத்தியவர் பள்ளி ஆசிரியர். போதகர் எழுதித் தந்த பிரசங்கத்தை அவர் தமிழில் வாசிப்பார். கர்த்தருடைய செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைச் சிறுவர் ஒப்புவிப்பர். பள்ளிக்கு வாராத பிள்ளைகளின் பெற்றோர்மீது அபராதம் விதிக்கப்பட்டது. திருமுழுக்கும் திருமணமும் தோம்பு என்னும் ஏட்டில் பதியப்பட்டன. அப்பதிவின்றிக் காணியுரிமையும் அரசுப்பணியும் எட்டாக்கனி. சுருங்கக் கூறின், ஆலயம், பள்ளி, பதிவகம், வரிக்கணக்கு ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் இயங்கின. அக்கூரையின்கீழ் வந்து அமர்ந்தவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர், சைவரும் இருந்தனர்.

இனி, அதே ஞாயிற்றின் மற்றொரு பக்கத்தைக் காண்போம். பகலில் அரசின் ஆலயத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்த கத்தோலிக்கக் குடும்பம், மாலை மங்கிய பின்னர் வீட்டுக்குள் கூடிற்று. அங்கு நடந்தது புதிதாகப் புனையப்பட்ட வழிபாடு அன்று. அதன் வேர் நூறாண்டுக்கு முந்தியது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற மடலில், தாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைப்பிடித்த ஒழுங்கை விரித்துரைக்கிறார். ஆண், பெண், சிறியோர், பெரியோர் அனைவரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் தாம் முன்னே சொல்ல, மக்கள் உரத்த குரலில் பின்னே சொல்வர். பின்னர் ஒவ்வொரு பகுதியாக எடுத்து, இதனை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து, விசுவசிக்கிறோம் என்று அவர்கள் விடையிறுப்பர். அடுத்துக் கட்டளைகள், அவற்றைக் கைக்கொள்ளும் வரம் வேண்டிக் கர்த்தர் கற்பித்த செபமும் மரியன்னை வாழ்த்தும், அதன்பின் பாவ அறிக்கை. சவேரியார் ஊர் ஊராகச் செல்ல வேண்டியவர் ஆகையால், அவர் இல்லாதபோது இவ்வொழுங்கை நடத்தும்படி ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துச் சம்பளமும் ஏற்படுத்தினார். போர்ச்சுகல் நாட்டு அரசியின் மிதியடிச் செலவுக்கென்று அக்கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை இதற்கென அவர் கேட்டுப் பெற்ற செய்தி சுவையானது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் முதல் உபதேசியார்கள் ஓர் அரசியின் பாதரட்சையால் பிழைத்தார்கள் எனலாம்.

அவருக்குப் பின்வந்த என்றிக் என்றிக்கஸ் அடிகளார் செபங்களின் தமிழைத் திருத்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய உழைப்பின் பயன். மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்தவம் பரவியபோது இத்தமிழ்ச் செபங்களும் உடன் சென்றன. எனவே 1658-இல் குருமார் துரத்தப்பட்டபோது, மக்களின் நாவில் தாய்மொழிச் செபங்கள் இரண்டு மூன்று தலைமுறையாகப் பழகியிருந்தன. பூசை இலத்தீனில் நடந்தது. அது குருவோடு போயிற்று. தமிழில் இருந்தவை தங்கின.

தங்கியவை எவை? முதலாவது செபமாலை. நூற்றைம்பது சங்கீதங்களைப் பாட இயலாத எழுத்தறியா மக்களுக்கு நூற்றைம்பது அருள்நிறை மந்திரங்களாக அது இடைக்காலத்தில் உருப்பெற்றது. ஏழைகளின் சங்கீதப் புத்தகம் என்ற பொருளில் அதனைக் கண்டால், அதன்மேல் நமக்குள்ள கூச்சம் சற்றுக் குறையக்கூடும். கிறிஸ்துவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நினைவிற் கொண்டுவரும் தேவ இரகசியங்களின் தியானமே அதன் உள்ளீடு. சுவடியும் விளக்கும் இல்லாத இருட்டறையிலும் விரல்களைக் கொண்டு அதனைச் சொல்லலாம். சேவகர் வந்தால் மணிமாலையை மடியில் செருகிக்கொள்ளலாம். இரண்டாவது, மாதா பிரார்த்தனை: ஒருவர் அழைக்க, மற்றோர் மறுமொழி கூறும் இவ்வடிவத்தில் பேதையும் குழந்தையும் பங்கு பெறுவர். மூன்றாவதும், நம் கருத்தில் மிக முக்கியமானதும், உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இல்லாத இடத்தில், தண்டனைக்கு அஞ்சியல்லாமல் தேவ அன்பின் பொருட்டே பாவத்திற்காக மனம் வருந்தி, வாய்ப்புக் கிட்டும்போது அறிக்கையிடுவேன் என்று உறுதி கொள்பவனுக்கு மன்னிப்பு உண்டு என்பது திரெந்து சங்கத்தின் போதனை. குருத்துவத்தை உயர்த்திப் பேசிய அதே சங்கம் திறந்து வைத்திருந்த இச்சிறு வாயிலின் வழியாக யாழ்ப்பாண மக்கள் ஞாயிறுதோறும் நுழைந்தனர். இறப்போர் அருகில் இருந்தும் இதனையே சொல்லிக் கொடுத்தனர்.

1658-க்கும் 1687-க்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகள் உள்ளன. நிலையாகத் தங்கிய குரு ஒருவரும் இல்லாமல் ஏறத்தாழ 1500 ஞாயிறுகள் கழிந்தன. பிறந்த குழந்தைக்குப் பொதுநிலையினரே திருமுழுக்கு அளித்தனர். குருவின் முகத்தையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்து பிள்ளைகளும் பெற்றுவிட்டது.

1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1651-இல் பெனாலிம் என்னும் ஊரில் கொங்கணிப் பிராமண மரபில் தோன்றியவர். கோவாவில் இந்தியக் குருமாரே அமைத்த ஓரட்டோரியச் சபையைச் சேர்ந்தவர். கூலியாள் கோலத்தில் கடல் கடந்த அவர், கழுத்தில் செபமாலை தெரியும்படி வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். அம்மாலையை எவர் கண்கள் உற்று நோக்குகின்றன என்பதைக் கொண்டே கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். இந்நிகழ்ச்சி அடிகளாரின் வீரத்திற்குச் சான்றாகவே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதில் மற்றொரு பொருளும் உண்டு. இருபத்தொன்பது ஆண்டுகட்குப் பின்னும் அம்மணிகளை அடையாளம் காணும் கண்கள் அங்கிருந்தன. அக்கண்களைக் காத்துவைத்தவர் வாஸ் அடிகளார் அல்லர். பெயரறியாத தாய்மாரும் தந்தைமாருமே.

அடிகளார் சில்லாலையில் தங்கி, இரவுகளில் பூசை செய்து, விடியுமட்டும் பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1690-ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் கூடியிருந்த மக்கள் சேவகரால் பிடிக்கப்பட்டுக் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். பின்னர் அவர் புத்தளத்திற்கும் அங்கிருந்து கண்டி அரசுக்கும் சென்றார்; முதலில் ஒற்றர் என்று சிறைப்பட்டு, பிறகு பௌத்த மன்னரின் ஆதரவையே பெற்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இலங்கை முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. 1711-இல் கண்டியில் மறைந்த அவரை 2015-இல் உரோமைத் திருச்சபை புனிதராக அறிவித்தது.

ஒரு குரு ஒரு நாடு முழுவதையும் சுற்றினால், ஓர் ஊருக்கு ஆண்டில் எத்தனை பூசை வாய்க்கும்? ஒன்று வாய்த்தால் அதுவே பெரிது. இதனை நன்கு உணர்ந்த வாஸ் அடிகளார், தம் வருகையை நம்பியிராமல், ஒவ்வோர் ஊரிலும் அண்ணாவியார், மூப்பர் ஆகியோரை ஏற்படுத்தி உறுதிப்படுத்தினார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துதல், ஞானோபதேசம் கற்பித்தல், ஆபத்துக் காலத்தில் திருமுழுக்கு அளித்தல், நோயாளரைச் சந்தித்தல், அடக்கம் செய்தல், குருவானவர் வரும்போது ஊரின் நிலையை அவரிடம் அறிவித்தல் ஆகியவை இவர்களுடைய பணி. சவேரியாரின் கணக்கப்பிள்ளை இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறார் என்று நாம் காணலாம். அரசியின் மிதியடிப் பணம் மட்டும் இல்லை.

1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இவர்களுடைய கையில் நூல்களைக் கொடுத்தார். கோவாவின் திவார் தீவிற் பிறந்த இவர் தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்று இரு மொழியிலும் எழுதிக் குவித்தவர். அச்சு இயந்திரம் ஒல்லாந்தரிடம் இருந்தமையால் இவருடைய நூல்கள் ஓலையிலேயே படியெடுக்கப்பட்டுப் பரவின. கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய இவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஊர்கூடி வாசித்து அழும் நூலாக யாழ்ப்பாணத்தில் நிலைத்தது. வாசித்தவர் அண்ணாவியார். சீர்திருத்த ஆலயத்தில் பிரசங்கத்தை வாசித்த பள்ளி ஆசிரியரையும், கொட்டிலில் பிரசங்கத்தை வாசித்த அண்ணாவியாரையும் நாம் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும். இருவரும் திருநிலைப்படுத்தப்படாதவர்கள், இருவரும் பிறர் எழுதியதைத் தமிழில் வாசித்தவர்கள், இருவரும் சிறுவர்க்கு அதே விசுவாசப் பிரமாணத்தையே கற்பித்தவர்கள். ஆயினும் முன்னவர் கையில் வருகைப் பதிவும் அபராதக் கணக்கும் இருந்தன. பின்னவரைத் தேடி மக்கள் வந்தனர். வந்தால் அபராதம் அவர்களுக்கே காத்திருந்தது.

எண்ணிக்கைகளைச் சற்று நோக்குவோம். 1850-இல் இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றை எழுதிய எமர்சன் டெனென்ட், ஒல்லாந்தரின் பதிவுகளிலிருந்து தரும் கணக்குப்படி, 1760-இல் யாழ்ப்பாணப் பகுதியில் சீர்திருத்தக் கிறிஸ்தவராகப் பதிவானோர் 1,82,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினர் 64 பேர். இதனைப் படிக்கும்போது, கத்தோலிக்கரை நோக்கிப் பூசையில்லாத மக்கள் என்று இரங்குவதற்கு நமக்கு வாய் எழுவதில்லை. ஆண்டவருடைய பந்தியின்றி ஞாயிற்றைக் கழித்தோர் இருபக்கமும் இருந்தனர். ஒரு பக்கத்தில் அது இல்லையே என்ற ஏக்கம் இருந்தது. குருவானவர் வருகிறார் என்று கேட்டவுடன் இரவோடிரவாக நடந்து வந்தனர். மறுபக்கத்தில் அப்பந்தி இல்லாதது ஒரு குறையாகவே உணரப்படவில்லை. பக்தியுள்ள கத்தோலிக்கரின் அந்த ஞாயிற்றை ஞாயிறாக வைத்திருந்தது செபமாலை மட்டுமன்று, பூசைக்காகக் காத்திருத்தலும் ஆகும் என்று நாம் கருதுகிறோம். கிடையாத ஒன்றை மையமாகக் கொண்டு மற்றவை அனைத்தும் ஒழுங்குபட்டிருந்தன.

இதே காலத்துச் சைவரைப் பற்றியும் ஒரு செய்தி யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. விரத நாட்களில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அதனைக் கூரையின் இறப்பிலே செருகி மறைத்தார்களாம். ஒரு வீட்டின் மடியில் மணிமாலை, அடுத்த வீட்டின் இறப்பில் வாழையிலை; இரு வீட்டாரும் ஞாயிறு காலையில் ஒரே ஆலயத்தில் அமர்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்டனர். பிரசங்கத்தின் இறையியல் பிழையற்றதாகவே இருந்திருக்கலாம்.

கத்தோலிக்க ஞாயிற்றை நாம் மிகைபடப் போற்றவும் வேண்டுவதில்லை. திருமறை அம்மக்களின் கையில் இல்லை. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-க்குள் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிற்காலத்தில் ஊழியம் செய்த தமிழ்ப் போதகர் பிலிப் தெ மெல்லோவின் பதிப்பு 1759-இல் கொழும்பில் வெளிவந்தது. இவை சீர்திருத்த சபைகளின் கொடை. புனிதர் வணக்கத்தில் சுவிசேஷத்தின் மையம் மங்கிய இடங்களும் இருந்திருக்க வேண்டும். மூப்பர் பதவி செல்வாக்குள்ள குடும்பங்களில் தேங்கி, சாதிப் பிரிவினையைக் கோயிலுக்குள் நிலைக்கச் செய்தது என்பதும் கடற்கரைச் சபைகளின் வரலாற்றில் நாம் காணும் துயரமே. மேலும், மக்களின் பக்தி மட்டுமே அத்திருச்சபையைக் காத்தது என்றால் வரலாறு குறைபடும். கோவாக் குருமாரின் தொடர்ந்த வருகை, கண்டி மன்னரின் நிழல், பிற்காலத்தில் ஒல்லாந்தரின் பிடி தளர்ந்தமை ஆகியவையும் காரணங்கள். குருமாரின் வருகையே முற்றும் அற்றுப்போன இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் ஓர் உரைகல். 1644-இல் அங்கு கடைசிக் குரு கொல்லப்பட்டபின், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நாட்காட்டி காப்போர், திருமுழுக்கு அளிப்போர் என்ற பொதுநிலைப் பணியாளரைக் கொண்டே மறைந்துவாழ்ந்த கிறிஸ்தவர் ஞாயிற்றையும் திருநாட்களையும் அறிந்துவந்தனர். 1865 மார்ச்சில் நாகசாகி ஆலயத்தில் பெத்திஜான் அடிகளார்முன் வந்து தம்மை வெளிப்படுத்தினர். ஆயினும் அவர்களுள் ஒரு பகுதியார் திரும்பி வரவில்லை. முன்னோர் வழக்கமாக மாறிவிட்ட தங்கள் செபங்களோடு தனித்தே நின்றுவிட்டனர். வடிவத்தைக் கைக்கொள்ளும் மக்களுக்கு அதனை விளக்குவோரும் தேவை.

1796-இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806 மே மாதத்தில் ஆளுநர் மெயிட்லண்டு கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் யாழ்ப்பாணம் வந்த கிளாடியஸ் புக்கானன், தமிழர் நடுவே சீர்திருத்த ஊழியம் செய்யும் ஒரே போதகராகக் கிறிஸ்தியான் தாவீதைக் கண்டார். அவரும் ஒல்லாந்த சபையின் பிள்ளையல்லர், தரங்கம்பாடி மரபில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். பதிவேட்டில் இருந்த இலட்சத்திற்கு மேற்பட்டோர் அபராதம் நின்றவுடன் தத்தம் வீடுகளுக்குத் திரும்பிவிட்டனர். கத்தோலிக்கரோ கொட்டில்களை விட்டு வெளியே வந்து கோயில் கட்டத் தொடங்கினர்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருமார் இல்லாத ஊர்களில் ஞாயிறுதோறும் இறைவார்த்தை வழிபாடு நடத்தப்படுவதை ஊக்குவித்தது. 1988-இல் உரோமை அதற்கென ஒரு நெறிமுறை ஏட்டையே வெளியிட்டது. நம்முடைய சேகரங்களிலும் ஓர் ஆயரின் பொறுப்பில் பல சிற்றூர்ச் சபைகள் இருக்கின்றன. அவர் ஓர் ஊரில் திருவிருந்து பரிமாறும் ஞாயிற்றில் மற்ற ஊர்களில் ஆராதனை நடத்துவோர் உபதேசியாரும் பொதுநிலைப் பிரசங்கிமாருமே. அந்த ஞாயிறுகளில் சபையார் மனப்பாடமாக அறிந்திருப்பவை எவை, ஆயர் வாராத வாரத்தில் திருவிருந்து இல்லையே என்று அவர்கள் ஏங்குகிறார்களா, அல்லது அது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லையா என்பதை இறையியல் மாணவர்கள் தாங்கள் செல்லும் சபைகளில் கேட்டறியலாம்.

1816-இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றி, ஒல்லாந்தர் பயன்படுத்தி, பின்னர் கைவிடப்பட்ட பழைய ஆலயங்கள். வட்டுக்கோட்டை ஆலயத்தை அவர்கள் பழுதுபார்த்து எடுத்தனர். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்திற்கு அதுவே தலைமைப் பேராலயமாயிற்று. வாஸ் அடிகளார் மறைந்திருந்த சில்லாலை, அங்கிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது.